ஆறாம் பாகத்துச் சிவப்பு நூல்கள்

என் மேசையில் இப்போது இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று பழையது. அட்டை என்றைக்கோ போய்விட்டது. அதற்குப் பதில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறது. பக்க ஓரங்களிலிருந்து சிவப்பு நூல்கள் வெளியே தொங்குகின்றன. எண்ணியிருக்கிறேன், முப்பத்தொன்று. நடுவே ஒரே ஒரு வெள்ளை நூல். கையில் தூக்கினால் காவடிக் குஞ்சம் மாதிரி ஆடும். முதல் பக்கத்தில் தலைப்புக்கு நேர் கீழே ஊதா மையில் வட்டமாக ஒரு முத்திரை: 'செகண்ட்ஸ்'. மற்றொன்று புதியது. போன வாரம் திருப்பூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாழைப்பழத் தாருக்கும் வாரப் பத்திரிகைகளுக்கும் இடையில் தொங்கிக்கொண்டிருந்ததை வாங்கி வந்தேன். அட்டையில் ராக்கெட், ராக்கெட்டுக்குப் பின்னால் புகை, புகைக்குள் ஒரு பெண்ணின் முகம். 'துருவன்' விண்கலக் கதைகளின் ஏழாம் பாகம். சந்திரனில் மனிதன் நடந்து பத்து வருஷம் ஆகப்போகிறது, அங்கே கல்லைத் தவிர ஒன்றுமில்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. இந்த நேரத்தில் இன்னொரு பாகம் யாருக்கு வேண்டியிருக்கிறது, யார் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று முறைத்துக்கொண்டேதான் பிரித்தேன். ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நன்றாக இருந்தது. சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு தொடர்கதையின் அடுத்த பாகம் நன்றாக இருந்தால் சந்தோஷப்படுகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் பனியன் கம்பெனியில் இருந்த செக்கிங் மாஸ்டரோடு எட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவனுக்கு அது வாய்க்காது. பனியன் தைத்து முடிந்ததும் அவர் மேசைக்கு வரும். உள்பக்கம் வெளியே திருப்பி, இரண்டு கைகளையும் அதற்குள் விட்டு விரித்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். பின்னலில் எங்கேயாவது ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் ஊசிமுனை அளவுக்கு எட்டிப் பார்க்கும். அங்கே ஒரு சிவப்பு நூலைக் கட்டி அந்தப் பக்கம் போடுவார். சரிசெய்யக்கூடியதைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அக்கா கொக்கி ஊசியால் கண்ணி எடுத்துச் சரிசெய்வார். சரிசெய்ய முடியாததற்கு 'செகண்ட்ஸ்' முத்திரை விழும். அப்போது மாஸ்டருக்கு நாற்பது வயது இருக்காது. ஒல்லியான ஆள். எதைக் கொடுத்தாலும், அது கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் சரி, டீக்கடைப் பன்னாக இருந்தாலும் சரி, "எதுக்கும் வெளிச்சத்துல ஒருக்கா பாத்துருவோமுங்க" என்பார். ஒரு தடவை முதலாளி தன் மகளுக்கு வந்த வரனின் போட்டோவை அவரிடம் காட்டினார். மாஸ்டர் பழக்க தோஷத்தில் அதையும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. காரணம் வேறு என்றுதான் சொன்னார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ராக்கெட் கதையில் பைத்தியம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. சென்னையில் இருந்த ஒருவர் எழுதி, கோயமுத்தூர் அச்சகம் ஒன்று வெளியிட்ட 'துருவன்' கதைகளின் ஐந்து பாகங்களையும் அவர் வைத்திருந்தார். துருவன் என்பது ராக்கெட்டின் பெயர். அதை ஓட்டுகிறவர் விஞ்ஞானி ஆதிநாதன். துணைக்கு மேகலா என்ற பெண், இரும்பன் என்ற இயந்திர மனிதன். அந்தக் காலத்தில் கரண்டு அடிக்கடி போகும். போனால் மிஷின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்று, கம்பெனி முழுக்கக் காது அடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்போது மாஸ்டர் ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, புத்தகத்தைப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து உரக்கப் படிப்பார். தையல்காரர்கள் வந்து தரையில் உட்காருவார்கள். அக்காக்கள் கை மடிப்பை நிறுத்தாமல் கேட்பார்கள். கரண்டு வந்துவிட்டால் வாக்கியத்தின் நடுவிலேயே மூடிவிடுவார். திருப்பூரில் கரண்டு எப்போது போகும் என்று ஏங்கிக்கொண்டு வேலை செய்த ஒரே கம்பெனி எங்களுடையதாகத்தான் இருக்கும். நான்காம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தன்று பக்கத்துக் கம்பெனியில் மிஷின் ஓடிக்கொண்டிருக்க எங்களுடையதில் மட்டும் கரண்டு போனது. அன்றிலிருந்து முதலாளி மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

ஐந்தாம் பாகம் முடிகிற இடத்தில் ஆதிநாதன் ராக்கெட்டுக்கு வெளியே பழுது பார்க்கப் போகிறார், கயிறு அறுந்துவிடுகிறது, மனிதர் அந்தரத்தில் தனியாக மிதந்துகொண்டே போகிறார். முற்றும் என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஒன்றும் வரவில்லை. எழுத்தாளருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள், துறவியாகிவிட்டார் என்றார்கள், சினிமாவுக்குப் போய்விட்டார், இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். கண்ணி எடுக்கிற அக்கா மட்டும், கரண்டு போகிற போதெல்லாம், அசலூர் போன சொந்தக்காரரை விசாரிக்கிற குரலில், "அவரு எறங்கீட்டாருங்களா மாஸ்டர்?" என்று கேட்பார். "இன்னும் இல்லீங்க்கா." முடிவை நீங்களே ஏதாவது கட்டிச் சொல்லுங்கள், மனசு ஆறட்டும் என்று எத்தனையோ பேர் கெஞ்சினார்கள். அவர் மசியவில்லை. "இல்லாதத நான் படிக்க மாட்டேனுங்க" என்றார். அதனால் பழைய ஐந்து பாகங்களையே திரும்பத் திரும்பப் படித்தார். ஆதிநாதன் ஆறு வருஷமாக அந்தரத்தில் மிதந்தார்.

என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் பாதியில் நின்றவன் என்ற தகுதியில் அங்கே நான் கடித குமாஸ்தா. மதுரை, திருச்சி, கொழும்புக் கடைக்காரர்களிடமிருந்து புகார்கள் வரும். முப்பத்தாறு அங்குலப் பனியன் ஒரு சலவையில் முப்பதாகிவிட்டது, வாங்கியவர் அதைத் தன் மகனுக்குப் போட்டு அனுப்பிவிட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எழுதுவார்கள். நான் பதில் எழுதுவேன். அந்த ஊர்த் தண்ணீரின் உப்பு, மழைக்காலத்து ஈரக்காற்று, வெளுப்பவரின் கைவேகம் என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டுவிட்டுக் கடைசியில், 'அடுத்த சரக்கில் இத்தகைய குறை நேராது என உறுதி கூறுகிறோம்' என்று முடிப்பேன். விஞ்ஞானக் கற்பனையில் எனக்கு முறையான பயிற்சி அதுதான். ஒவ்வொரு பதிலையும் தபாலில் சேர்க்கும் முன் மாஸ்டரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். குறையைப் பார்க்காமல் விட்டவர் என்ற முறையில் குற்றவாளி அவர்தானே. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். 'உறுதி கூறுகிறோம்' வந்ததும் கண்ணைத் திறப்பார். "பொய்யி நல்லா ஒட்டியிருக்குதுங்க தம்பி. தையல் தெரியல."

எனக்கு அந்தப் பாராட்டு போதவில்லை. அவர் என் எழுத்தை ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து படிக்க வேண்டும், தையல்காரர்கள் வாயைப் பிளந்து கேட்க வேண்டும் என்று ஆசை. இந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் என்னோடு படித்து என்னைப் போலவே பாதியில் நின்ற நண்பன் ஒருவன் வந்தான். அந்தக் கோயமுத்தூர் அச்சகத்தில் அவன் பிழை திருத்துகிறவன். பழைய எழுத்தாளர் இனி எழுதமாட்டார், பெயரைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம் கொடுத்துவிட்டார், ருஷ்யர் ஒருவர் பூமியைச் சுற்றிவந்த சூடு ஆறுவதற்குள் ஆறாம் பாகம் வந்தாக வேண்டும், யாராவது கை வேண்டும் என்றான். நான் யோசிப்பது போல இரண்டு நிமிஷம் இருந்தேன். இருபத்தேழு வயதில் ஒருவன் வாழ்க்கையில் செய்கிற மிகப் பெரிய தவறுகளுக்கெல்லாம் அவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொள்கிறான்.

ஒரு சங்கடம் இருந்தது. முதல் இரண்டு பாகங்களை நகராட்சி நூலகத்தில் படித்திருந்தேன். நான்கும் ஐந்தும் மாஸ்டர் படிக்கக் கேட்டவை. மூன்றாம் பாகம் என் கண்ணிலேயே பட்டதில்லை. மாஸ்டர் அதைப் படித்த நாட்களிலெல்லாம் நான் தபாலாபீஸ் வரிசையில் நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. நூலகத்தில் அதை யாரோ கொண்டுபோய்த் தரவில்லை. ஒரு ஆடி மாதத்தில், காற்றில் பஞ்சு பறந்துகொண்டிருந்த ஒரு நாள், சும்மா கேட்பது போல மாஸ்டரிடம் கேட்டேன். இரவல் தருவதில்லை என்றார். இரண்டாம் பாகம் ஒருமுறை வெளியே போய் சாம்பாரோடு திரும்பி வந்ததாம். நானும் வற்புறுத்தவில்லை. ஐந்தில் ஒன்று இல்லாவிட்டால் என்ன முழுகிவிடும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். நான்கு மாதத்தில் முடித்தேன். ஆதிநாதனைப் பத்திரமாகச் செவ்வாய் கிரகத்தில் இறக்கினேன்.

புத்தகம் வந்த செய்தி எனக்குத் தெரிவதற்கு முன் மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூருக்கே போய் வாங்கி வந்துவிட்டார். திங்கட்கிழமை செய்தித்தாளில் சுற்றி மேசையில் வைத்தார். கம்பெனியே வந்து பார்த்துவிட்டுப் போனது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கரண்டு போயிற்று. தையல்காரர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். நான் எதேச்சையாக வந்தவன் போலத் தூணில் சாய்ந்து நின்றேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டது மிஷின் ஓடாத அந்த அமைதியில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். மாஸ்டர் புத்தகத்தை எடுத்தார். பிரிக்கவில்லை. "மொதல்ல வெளிச்சத்துல ஒருக்கா பாத்துக்கறேனுங்க. அப்பறம் படிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பழைய இரண்டாம் பாகத்தை எடுத்து ஆரம்பித்தார்.

அவர் புத்தகத்தைப் பார்த்த விதம் பனியனைப் பார்க்கிற விதம்தான். உள்பக்கம் வெளியே திருப்புகிற மாதிரி கடைசி அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்து முன்னால் வந்தார். மதியச் சாப்பாடு முடிந்து அரைமணி நேரம் படிப்பார். சந்தேகம் வந்த இடத்தில் பக்க ஓரத்தில் ஊசியால் துளை போட்டுச் சிவப்பு நூலைக் கட்டுவார். என் மேசையிலிருந்து பார்த்தால் புத்தகம் தெரியும். புதன்கிழமை நான்கு நூல். வெள்ளிக்கிழமை பதினொன்று. அடுத்த வாரம் அதற்குத் தாடி முளைத்துவிட்டது. நான் மதுரைக்கு எழுத வேண்டிய கடிதத்தைத் திருச்சிக்கு எழுதினேன். அக்கா பொறுக்கமுடியாமல் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், அவரு எறங்கீட்டாருங்களா இல்லீங்களா? அத மட்டுஞ் சொல்லுங்க."

"எறங்கீட்டாருங்க்கா. எறங்குனது அவருதானான்னுதான் தெரியல."

எனக்குக் கையிலிருந்த பேனா நழுவியது. அதை எடுக்கக் குனிந்தவன் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் மேசைக்கடியிலேயே இருந்தேன்.

மறுநாள் மாஸ்டர் என்னிடம் வந்து எதிரில் உட்கார்ந்தார். கதை படிக்கத் தெரிந்த தனக்குக் கடிதம் எழுதத் தெரியாது என்றும், கோழி கிளறின மாதிரி இருக்கும் தன் எழுத்தைப் பார்த்தால் அச்சகத்தில் மதிக்க மாட்டார்கள் என்றும், புகார் விஷயத்தில் நம்ம ஊரிலேயே கைதேர்ந்த ஆள் நான்தான் என்றும் சொன்னார். ஆகவே, ஆறாம் பாகம் போலி என்று அந்த எழுத்தாளருக்கு ஒரு கடிதம் நான் எழுதித்தர வேண்டும். இப்படியாக என் மேல் உள்ள குற்றச்சாட்டை என் கையாலேயே, அடித்தல் திருத்தல் இல்லாமல், கம்பெனித் தாளில் எழுதுகிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

புத்தகத்தை மடியில் வைத்து ஒவ்வொரு நூலாகப் பிடித்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆதிநாதனின் இடதுகைச் சுண்டுவிரல் மூன்றாம் பாகத்தில் எரிகல் பட்டுப் போய்விட்டது. ஆறாம் பாகத்தில் பத்து விரலாலும் வீணை வாசிக்கிறார். மேகலாவின் அம்மா மூன்றாம் பாகத்தில் இறந்துவிட்டாள். ஆறாம் பாகத்தில் உடம்பைப் பார்த்துக்கொள் என்று மகளுக்குக் கடிதம் போடுகிறாள். எதற்கும் சிரிக்க மாட்டேன் என்று மூன்றாம் பாகத்தில் சத்தியம் செய்த இரும்பன், ஆறாம் பாகத்தில் சிரிப்பதைத் தவிர வேறு வேலை செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தேநீர்.

"பூமி இழுக்காத எடமுங்க அது. அஞ்சாம் பாகத்துல பேனாவே மெதக்குது. அங்க நின்னுட்டு மனுசன் டீ ஆத்தறாரு. ரெண்டு மொழ நீளத்துக்கு ஆத்தறாரு."

அது எனக்கு மிகவும் பிடித்த இடம். எழுதும்போது கைதட்டலை எதிர்பார்த்து எழுதியது. வயதாகிவிட்டது அல்லவா, மறந்திருப்பார் என்று அந்த எழுத்தாளருக்காகப் பரிந்து பேசிப் பார்த்தேன்.

"வெரலு போனதையா மறப்பாரு?" மாஸ்டர் நூல்களை ஒருமுறை விரலால் கோதினார். "முப்பத்தொண்ணுல பதினாலு மூணாம் பாகத்துச் சங்கதீங்க தம்பி. எழுதுன ஆளு மூணாம் பாகம் படிக்கல. தான் எழுதுனத தானே படிக்காத ஆளு எங்கீங்க இருப்பாரு?"

நான் தலையைக் குனிந்துகொண்டு அதையும் எழுதினேன். கடைசியில் புத்தகத்தின் நடுவே இருந்த வெள்ளை நூலைப் பற்றிக் கேட்டேன். அது புகாரில் சேராது என்றார். அந்தரத்தில் மிதக்கும் ஆதிநாதனின் உடுப்பில் ஒரு கண்ணி விட்டுக் காற்று வெளியேறுகிற இடம் அது. சட்டைப்பையில் இருந்த கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியாகக் கோத்து மேலே ஏற்றி முடிச்சுப் போடுகிறார். விடியும்வரை யோசித்தும் வேறொன்றும் தோன்றாமல், பகலெல்லாம் அக்கா செய்வதைப் பார்த்துப் பார்த்து நான் எழுதி வைத்தது. "இந்த எடம் மட்டும் சுத்தமா இருக்குதுங்க. அதுதான் ரொம்ப சந்தேகமா இருக்குது. மெட்ராசுல குந்தியிருக்கற ஆளுக்குக் கண்ணி எடுக்கறது எப்பிடித் தெரியும்?" என்றார். நான் கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். மடிப்பு கோணலாக விழுந்தது.

பத்தாம் நாள் அந்தக் கடிதம் என்னிடமே திரும்பி வந்தது. வாசகர் கடிதத்துக்குப் புத்தகம் எழுதினவர்தான் பதில் போட வேண்டும் என்பது பதிப்பாளரின் கொள்கை என்று நண்பன் எழுதியிருந்தான்; நான் எழுதி அனுப்பினால் அவன் தன் கையெழுத்தில் படியெடுத்துப் பழைய எழுத்தாளர் பெயரில் மாஸ்டருக்கு அனுப்பிவிடுவான். என் புகாருக்கு நானே சமாதானம் எழுத உட்கார்ந்தேன். பழக்கமான வேலைதான். செவ்வாய் கிரகத்துச் செம்மண்ணில் ஏழு நாள் கையைப் புதைத்து வைத்தால் விரல் துளிர்க்கும், இடம் போதாததால் அந்த அத்தியாயம் அச்சாகவில்லை என்றேன். மேகலாவின் அம்மா கடிதம் இறப்பதற்கு முன் போட்டது, தபால் தாமதம் என்றேன். தேநீருக்கு ஆயுதபூஜையன்று ராக்கெட்டில் பொருத்திய ஈர்ப்பு யந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். விறுவிறுவென்று இரண்டு பக்கம் ஓடியது. திரும்பப் படிக்காமல் தபாலில் போட்டேன். சொந்தப் புத்தகத்தைத் திரும்பப் படிக்காதவன் கடிதத்தையா படிப்பான்?

பதில் வந்த அன்று மத்தியானம் கரண்டு போயிற்று. மாஸ்டர் உறையைப் பிரித்து, எல்லோர் முன்னிலையிலும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு உரக்கப் படித்தார். செம்மண் வந்தபோது தையல்காரர்கள் சிரித்தார்கள். ஆயுதபூஜை வந்தபோது முதலாளியே நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார். நான் தூணில் சாய்ந்து நிம்மதியாக நின்றிருந்தேன். மாஸ்டர் கடைசி வரிக்கு வந்தார்.

"'அடுத்த சரக்கில் இத்தகைய குறை நேராது என உறுதி கூறுகிறோம்.'"

நிறுத்தினார். அடுத்த பாகத்தில் என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் ஏழு வருஷமாக ஓடிப் பழகின கை தானாக ஓடியிருக்கிறது. படியெடுத்த நண்பனும், பிழை திருத்துகிறவன் என்று பெயர், அப்படியே எழுதியிருக்கிறான். மாஸ்டர் அந்த வரியை இன்னொரு தடவை, இப்போது மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நூறு தடவை அப்படிக் கண்ணை மூடிக் கேட்ட வரி. சொல்லி முடித்ததும் கண்ணைத் திறந்தார். அக்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். தையல்காரர்களில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு இன்னொருவர். வேலை போகும் என்பதைவிட, இனி என் எந்தக் கடிதத்தையும் அவர் கேட்க மாட்டார் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

மாஸ்டர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. கடிதத்தை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார்.

"போன ஆடியில மூணாம் பாகம் கேட்டீங்களே தம்பி."

"ஆமாங்க."

"குடுத்திருக்கோணும்." சிவப்பு நூல்கண்டை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டார். "குடுத்திருந்தா பதினாலு நூலு மிச்சமாயிருக்கும்."

பிறகு முத்திரைக் கட்டையை எடுத்து மையில் தொட்டு, முதல் பக்கத்தைப் பிரித்து, அழுத்தி ஒன்று வைத்தார். செகண்ட்ஸ். எங்கள் கம்பெனியில் அந்த முத்திரைக்கு ஒரு வழக்கம் உண்டு. செகண்ட்ஸ் சரக்கு கடைகளுக்குப் போகாது; தீபாவளிக்கு முன்னால் வேலை செய்கிறவர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் யாரும் முதல் தரப் பனியன் போட்டதே இல்லை. மாஸ்டர் அன்று போட்டிருந்ததிலும் தோளுக்குக் கீழே அக்கா கண்ணி எடுத்த தடம் இருந்தது. அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"மதுரைக்கு அனுப்ப முடியாதுங்க. நம்ம போட்டுக்கலாம்."

முதல் அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பித்தார். அந்த வருஷம் முழுக்கக் கரண்டு போகப் போக ஆறாம் பாகம் ஓடியது. ஒவ்வொரு சிவப்பு நூல் வரும்போதும் ஒரு தரம் இருமுவார். மற்றபடி ஒரு சொல்லை மாற்றவில்லை. ஆதிநாதன் டீ ஆற்றிய இடத்தில் இருமல் நிற்க ரொம்ப நேரம் ஆயிற்று. வெள்ளை நூல் வந்த அன்று அக்கா கொக்கி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். மாஸ்டர் அந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் அக்கா, "நாலாவது கண்ணி கொஞ்சம் இறுக்கமா எடுத்துப்போட்டாரு. ஆனா நிக்கும்" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டார். என் எழுத்துக்கு அதன்பிறகு எத்தனையோ மதிப்புரைகள் வந்திருக்கின்றன. எழுதினவர்கள் யாருக்கும் கண்ணி எடுக்கத் தெரியாது. நான் வேலையை விட்டுப் பத்திரிகைக்குப் போன அன்று மாஸ்டர் அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். நூல்களை அவிழ்க்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

இப்போது ஏழாம் பாகத்துக்கு வருகிறேன். இரண்டாம் முறை கடைசி அத்தியாயத்திலிருந்து முன்னால் படித்தேன். ஒரு சிவப்பு நூலுக்கும் வேலை இல்லை. எழுதினவர் ஆறு பாகங்களையும் கரைத்துக் குடித்திருக்கிறார். அம்மா இறந்தவளாகவே இருக்கிறாள். இரும்பன் சிரிக்கவில்லை; ஆனால் மேகலாவை 'வாங்க, போங்க' என்றே பேசுகிறான். சென்னையில் செய்த இயந்திரத்துக்கு இவ்வளவு மரியாதை ஏது? ஆதிநாதன் ஒரு இடத்தில் டம்ளரைக் கையில் எடுத்து, ஆற்றலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று வைத்துவிட்டு ஒரு தரம் இருமுகிறார். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் சுண்டுவிரலைப் பார்த்து, செவ்வாயின் செம்மண்ணில் ஏழு நாள் புதைத்திருந்ததை நினைத்துக்கொள்கிறார். அந்தச் செம்மண் எந்தப் பாகத்திலும் அச்சாகவில்லை. நண்பன் படியெடுத்ததும் என் மூலத்தைக் கிழித்துப் போட்டுவிட்டதாக அப்போதே சொன்னான். உலகத்தில் அது இருந்தது ஒரே ஒரு கடிதத்தில். புத்தகத்தை என்னிடம் கொடுத்தபோது அந்தக் கடிதத்தை மட்டும் மாஸ்டர் எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

மாஸ்டர் இப்போது அருள்புரத்தில் இருக்கிறார். சொந்தமாக நான்கு மேசை போட்டு, சின்னக் கம்பெனிகளுக்குச் செக்கிங் செய்து தருகிறார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பாயசத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே, அந்த அச்சாபீஸ் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இன்னமும் அதே விலாசம்தானா என்றார். வயதானவர்கள் பழசைக் கேட்பது சகஜம்தானே என்று விலாசத்தைச் சொல்லிவிட்டு அப்பளத்தைக் கவனிக்கப் போய்விட்டேன். இல்லாததைப் படிக்க மாட்டேன் என்றவர். யோசித்துப் பார்த்தால், எழுத மாட்டேன் என்று அவர் எப்போதும் சொன்னதில்லை.

கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். நானும் கேட்கப்போவதில்லை. இன்று காலை கடைக்குப் போய் ஒரு உருண்டை சிவப்பு நூல் வாங்கி வந்தேன். ஏழாம் பாகத்தில் நான் கண்ட ஒரே குறை அட்டையில்தான் இருந்தது. பழைய எழுத்தாளர் பெயர் போட்டிருக்கிற இடத்தில் ஊசியால் துளை போட்டு ஒரு நூலைக் கட்டினேன். பழைய புத்தகத்தின் முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் இந்த ஒற்றை நூல் சின்னப்பிள்ளையின் குடுமி மாதிரி நின்றது. புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றிப் பொட்டலம் கட்டி அருள்புரம் விலாசம் எழுதினேன். உள்ளே கடிதம் எதுவும் வைக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பழகின கை சும்மா இருக்கவில்லை. ஒரு துண்டுத் தாளில் ஒரே வரி எழுதி வைத்தேன்: 'அடுத்த சரக்கில் இத்தகைய குறை நேராது என நம்புகிறோம்.'